வார்சா கெட்டோ: அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

இரண்டாம் உலகப்போரில் போலந்தின் தலைநகர் வார்சாவில் நாஜிகள் சுவர் எழுப்பி யூதர்களை அடைத்துவைத்த பகுதிதான் வார்சா கெட்டோ. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு ஒரு புகைப்படம்தான் ஞாபகம் வரும். தொப்பி போட்ட சின்னப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பின்னால் துப்பாக்கியோடு ஒரு ஜெர்மன் சிப்பாய். அந்தப் படம் கெட்டோவை அழித்தவர்கள் தங்கள் மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கையில் ஒட்டப்பட்ட படம் என்று சொன்னால் நிறைய பேர் ஆச்சரியப்படுகிறார்கள். கொன்றவர்கள் எழுதி வைத்த கதை ஒன்று இருக்கிறது, சாகப்போகிறவர்கள் எழுதிப் புதைத்து வைத்த கதை ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

கெட்டோ என்றால் சேரி மாதிரியா, சிறை மாதிரியா?

வார்த்தை வெனிஸ் நகரத்தில் பிறந்தது. 1516-ல் அங்கே யூதர்களை ஒரே பகுதியில் குடியமர்த்தி, இரவில் கதவைப் பூட்டினார்கள். அது அநியாயம்தான், ஆனால் பகலில் வெளியே போகலாம், வியாபாரம் செய்யலாம், தலைமுறை தலைமுறையாக வாழலாம். நாஜிகள் அந்தப் பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள், உள்ளே வைத்தது வேறு சரக்கு. போலந்தை ஆக்கிரமித்த மூன்றே வாரத்தில், 1939 செப்டம்பர் 21 அன்று, நாஜிப் பாதுகாப்புப் போலீசின் தலைவர் ஹைட்ரிஷ் ஒரு உத்தரவு போட்டார்: கிராமத்து யூதர்களையெல்லாம் ரயில் பாதை இருக்கும் நகரங்களுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், ஜெர்மானியர் உத்தரவுகளை நிறைவேற்ற ஒவ்வொரு ஊரிலும் ஒரு யூதர் சபை அமைக்க வேண்டும். ரயில் பாதை என்று ஏன் குறிப்பாகச் சொன்னார் என்பது பின்னால் புரிந்தது, ஆனால் அந்த நேரத்தில் கொலை முகாம் திட்டம் முழுசாக உருவாகியிருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது 1941-ல்தான் வடிவம் பெறத் தொடங்கியது.

முதல் கெட்டோ 1939 அக்டோபரில் பியோட்ர்கூஃப் என்ற ஊரில். அதற்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் ஆயிரத்து நூறுக்கும் மேல். சிலவற்றுக்குச் சுவர் இருந்தது, சிலவற்றுக்கு வேலி, சிலவற்றுக்கு ஒரு அறிவிப்புப் பலகை மட்டும். சில கெட்டோக்கள் சில வாரங்களே இருந்தன. போலந்தின் இன்னொரு நகரமான வூட்ஜில் இருந்த கெட்டோ நாலு வருஷத்துக்கு மேல் இருந்தது.

வார்சாவைப் பற்றியே ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

அளவு ஒரு காரணம். போருக்கு முன் வார்சாவில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் யூதர்கள், நகரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. உலகத்திலேயே நியூயார்க்குக்கு அடுத்த பெரிய யூத நகரம் அது. இன்னொரு காரணம், அங்கே இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள். எத்தனையோ சின்ன ஊர்களில் ஒரே நாளில் மொத்தப் பேரையும் காட்டோரம் கூட்டிப்போய்ச் சுட்டார்கள், எழுத ஒருத்தரும் மிஞ்சவில்லை. அந்த ஊர்களைப் பற்றி நாம் குறைவாகப் பேசுவது அங்கே குறைவாக நடந்ததால் இல்லை.

சுவர் எப்போது எழுந்தது? உள்ளே எவ்வளவு பேர்?

1940 அக்டோபர் 12 அன்று அறிவிப்பு. யூதர்களுக்கு அது யோம் கிப்பூர், வருஷத்திலேயே புனிதமான நோன்பு நாள். நாஜிகளுக்கு இந்த மாதிரி நாள் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருந்தது, கீழே இன்னும் வரும். நவம்பர் 16 அன்று வாசல்களை மூடினார்கள். சுவர் மூன்று மீட்டர் உயரம், மேலே முள்கம்பி. அதைக் கட்டிய செலவை யூதர் சபையின் தலையிலேயே கட்டினார்கள், அதாவது தங்களை அடைக்கும் சுவருக்குத் தாங்களே காசு கொடுத்தார்கள்.

நகரத்தின் பரப்பில் சுமார் 2.4 சதவீதம் இடம். அதில் நகர மக்கள்தொகையின் 30 சதவீதம். 1941 மார்ச்சில் உச்சகட்டமாகச் சுமார் 4,60,000 பேர், சுற்று ஊர்களிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களையும் சேர்த்து. சராசரியாக ஒரு அறைக்கு ஏழு பேர். நடுவில் ஹ்வோட்னா என்ற தெரு ஓடியது, அது 'ஆரியர்' தெரு, அதாவது நாஜிகள் கணக்கில் யூதரல்லாதவர்களின் தெரு, யூதர் கால் வைக்கக் கூடாது. அதனால் கெட்டோவின் சின்ன பாதியையும் பெரிய பாதியையும் இணைக்க ஒரு மரப்பாலம் போட்டார்கள். கீழே டிராம் ஓட, மேலே ஜனங்கள் நெருக்கியடித்து ஏறி இறங்குவார்கள்.

என்ன சாப்பிட்டார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கொலை துப்பாக்கியில் ஆரம்பிக்கவில்லை, ரேஷனில் ஆரம்பித்தது.

யூதர்களுக்கு ஒதுக்கிய அதிகாரபூர்வ ரேஷன் ஒரு நாளைக்கு 200 கலோரிக்கும் குறைவு. ஒரு மனுஷன் படுத்தே கிடந்தாலும் ஆயிரத்துக்கு மேல் தேவை. ரேஷனை மட்டும் நம்பியிருந்தால் சில மாதங்களில் கெட்டோ காலியாகியிருக்கும். ஆகவில்லை, காரணம் கடத்தல். உள்ளே வந்த உணவில் பெரும்பகுதி கடத்தி வந்ததுதான். சுவரில் ஓட்டை, இரண்டு பக்கமும் வாசல் உள்ள கட்டடங்கள், கல்லறைத் தோட்டம், லஞ்சம் வாங்கிய காவலர்கள் என்று பல வழி. பெரிய அளவில் செய்தவர்கள் பணம் பார்த்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு வகை, ஆறு ஏழு வயசுப் பிள்ளைகள். சுவரடியில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக நுழைந்து வெளியே போய், சட்டைக்குள் உருளைக்கிழங்கு திணித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒரு வீட்டுக்கே அந்தப் பிள்ளைதான் சம்பாதிக்கும் ஆள். 1941 அக்டோபரில் கெட்டோவை விட்டு வெளியே போனால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது, அதில் வயசு விலக்கு கிடையாது.

பட்டினியும் டைஃபஸும் சேர்ந்து 1942 நடுப்பகுதிக்குள் சுமார் 83,000 பேரைக் கொன்றன. (டைஃபஸ் வேறு, நமக்குத் தெரிந்த டைபாய்டு வேறு. டைஃபஸ் பேனால் பரவுவது. அடைத்துவைத்து, சோப்பும் வெந்நீரும் இல்லாமல் பண்ணிவிட்டு, "பாருங்கள், யூதர்கள் நோய் பரப்புகிறார்கள்" என்று தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டினார்கள்.)

கெட்டோ மருத்துவர்கள் சிலர், இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி தலைமையில், 1942-ல் பட்டினியையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். எந்த மருந்தும் உணவும் கொடுக்க முடியாத நோயாளிகளின் ரத்தம், இதயம், கண் என்று எல்லாவற்றையும் அளந்து குறித்தார்கள். ஆராய்ந்தவர்களும் பட்டினிதான். கையெழுத்துப் பிரதி வெளியே கடத்தப்பட்டு 1946-ல் வார்சாவில் அச்சானது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை.

யூதர் சபையும் யூதப் போலீசும் துரோகிகள்தானே?

அவசரப்படாதீர்கள். சபைத் தலைவர் ஆடம் செர்னியாகூஃப், தொழிலால் பொறியாளர். ஜெர்மானியர் சொன்னதைச் செய்து, இடையில் கிடைத்த இடுக்கில் கொஞ்சம் ரொட்டியோ ஒரு பள்ளிக்கூட அனுமதியோ வாங்கலாம் என்று மூன்று வருஷம் அலைந்தவர். 1942 ஜூலை 22 அன்று தினமும் ஆயிரக்கணக்கான பேரை ஒப்படைக்கச் சொன்னார்கள். அநாதைப் பிள்ளைகளையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டார், கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அலுவலகத்திலேயே சயனைடு சாப்பிட்டு இறந்தார். ஜனங்களை எச்சரிக்காமல் தனியாகச் செத்தது சரியா என்று கெட்டோவுக்குள்ளேயே அவரைத் திட்டியவர்கள் உண்டு.

வூட்ஜ் கெட்டோவின் சபைத் தலைவர் ரும்கோவ்ஸ்கி வேறு மாதிரி ஆள். வேலை செய்தால் உயிர் பிழைக்கலாம் என்று கெட்டோ முழுவதையும் ஜெர்மன் ராணுவத்துக்குத் தைக்கும் பட்டறையாக மாற்றினார். 1942 செப்டம்பரில் பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளைக் கொடுங்கள் என்று பெற்றோர்களிடம் மேடையேறிக் கேட்டார். 1944 ஆகஸ்டில் அவரும் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போனார். இரண்டு பேர், இரண்டு வழி, முடிவு ஒன்று. யூதப் போலீஸ்காரர்கள் விஷயத்தில் எனக்கு இரக்கம் குறைவு, அவர்களில் பலர் ஆள்பிடிப்பில் கொடூரமாக நடந்துகொண்டார்கள், ஆனால் அவர்களுக்கும் ஆளுக்கு இத்தனை தலை கொண்டுவராவிட்டால் உன் குடும்பம் போகும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்தப் பொறியை வடிவமைத்தது யார் என்பதை மறந்துவிட்டு உள்ளே மாட்டியவர்களை மட்டும் விசாரிப்பது எனக்கு ஒப்பாது.

1942 கோடையில் என்ன நடந்தது?

ஜூலை 22-ல் தொடங்கி செப்டம்பர் 21 வரை. தொடங்கிய நாள் யூதர்களின் இன்னொரு துக்க நாளுக்கு, எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து அழும் நாளுக்கு, முந்தைய நாள். முடிந்தது யோம் கிப்பூர் அன்று. நாள் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா.

"கிழக்கே குடியேற்றம்" என்று போஸ்டர். ஆளுக்கு 15 கிலோ சாமான் எடுத்துக்கொள்ளலாம். தானாக வருகிறவர்களுக்கு மூன்று கிலோ ரொட்டியும் ஒரு கிலோ ஜாமும் தருவதாக ஜூலை கடைசியில் ஆசை காட்டினார்கள். பிள்ளைகள் பட்டினியில் கிடக்கும் வீட்டுக்கு மூன்று கிலோ ரொட்டி என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். பல குடும்பங்கள் தாங்களே நடந்து போயின. கொன்றுவிடுவதாக இருந்தால் எதற்கு ரொட்டி கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தோன்றியது.

ஸ்டாவ்கி தெருவில் இருந்த சரக்கு ரயில் முற்றத்துக்கு 'உம்ஷ்லாக்பிளாட்ஸ்' என்று பெயர், சரக்கு மாற்றும் இடம் என்று அர்த்தம். அங்கிருந்து கூட்ஸ் வண்டியில், வடகிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த ட்ரெப்ளிங்காவுக்கு. அது வேலை வாங்கும் முகாம் இல்லை. வண்டியிலிருந்து இறங்கிய சில மணி நேரத்தில் விஷவாயு அறை. இரண்டு மாதத்தில் சுமார் 2,65,000 பேர் போனார்கள், கெட்டோவுக்குள்ளேயே இன்னும் முப்பதாயிரத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் மிஞ்சியவர்களையெல்லாம் சில தெருக்களுக்குள் வளைத்து, வேலைக்குத் தேவைப்பட்ட முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மட்டும் எண் வில்லைகள் கொடுத்தார்கள். வில்லை இருந்தால் உயிர். இன்னும் இருபதாயிரம் பேர் போல ஒளிந்துகொண்டார்கள்.

கோர்ச்சாக் என்ற டாக்டரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. யானுஷ் கோர்ச்சாக் குழந்தை மருத்துவர், எழுத்தாளர், போலந்து முழுக்கத் தெரிந்தவர், அநாதை இல்லம் நடத்தியவர். வெளியே நண்பர்கள் தப்ப வைக்கத் தயாராக இருந்தும் போகவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் சுமார் 200 பிள்ளைகளோடும், இல்லத்தை உடனிருந்து நடத்திய ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா முதலான ஊழியர்களோடும் ரயிலுக்கு நடந்தார். வில்ச்சின்ஸ்காவின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு ஒரு சின்னத் தொடர்பும் இருக்கிறது. ஆள்பிடிப்பு தொடங்குவதற்கு நாலு நாள் முன்பு, ஜூலை 18 அன்று, அந்தப் பிள்ளைகள் நடித்தது தாகூரின் 'தபால் நிலையம்' நாடகம். நோயாளிச் சிறுவன் ஒருவன் ஜன்னல் ஓரமாகப் படுத்து, வெளியுலகத்தையும் ராஜாவின் கடிதத்தையும் எதிர்பார்த்துக் கிடப்பான். வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் உத்தரவு.

சாகப்போகிறோம் என்று தெரிந்தும் ஏன் எதிர்க்கவில்லை?

இந்தக் கேள்வியில் இரண்டு தப்பு இருக்கிறது. முதலாவது, 'தெரிந்தும்'. சிலருக்குத் தெரியும். ஹெல்ம்னோ கொலை முகாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் 1942 தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார், அதை எழுதியும் வைத்தார்கள். ஆனால் ஒரு அரசாங்கம் தொழிற்சாலை மாதிரி ஒன்றைக் கட்டி லட்சக்கணக்கான பேரைக் கொல்கிறது என்பதை நம்ப அதற்கு முன் எந்த உதாரணமும் கிடையாது. நமக்கு அது வரலாறு. அவர்களுக்கு அது ஒரு வதந்தி.

இரண்டாவது தப்பு, 'எதிர்க்கவில்லை'. 1942 ஜூலை 28 அன்றே இளைஞர்கள் யூதப் போராளி அமைப்பைத் தொடங்கினார்கள். ஆயுதம்தான் இல்லை. வயதான பெற்றோரையும் தம்பி தங்கைகளையும் விட்டுவிட்டு யாரும் சட்டென்று சண்டைக்குப் போக மாட்டார்கள். கோடை முடிந்தபோது, அந்தப் பெற்றோர் யாரும் இல்லை. 1943 ஜனவரி 18 அன்று ஜெர்மானியர் மறுபடி ஆள்பிடிக்க வந்தபோது, வரிசையில் கலந்து நடந்த போராளிகள் திடீரென்று சுட்டார்கள். சில ஆயிரம் பேரோடு நாலு நாளில் ஆள்பிடிப்பு நின்றது. அதற்குப் பிறகு கெட்டோ முழுவதும் நிலவறை தோண்ட ஆரம்பித்தது.

அந்தப் பெரிய எழுச்சி?

1943 ஏப்ரல் 19, பஸ்கா பண்டிகையின் முந்தைய நாள். சுமார் இரண்டாயிரம் ஜெர்மன் படையினரும் துணைப்படையினரும் பீரங்கி வண்டியோடு உள்ளே வந்தார்கள், முதல் நாளே அடி வாங்கிப் பின்வாங்கினார்கள். அன்றே யூர்கன் ஸ்ட்ரோப் என்ற எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவு) தளபதியிடம் பொறுப்பு போனது. எதிரே சுமார் 700 போராளிகள், கைத்துப்பாக்கி, கையெறிகுண்டு, பெட்ரோல் பாட்டில். தலைவர் மோர்தெகாய் அனியெலெவிச்சுக்கு வயது இருபத்து நாலு. வலதுசாரி யூத ராணுவச் சங்கம் தனியாகப் போராடியது, முரானோவ்ஸ்கி சதுக்கத்துக் கூரையில் போலந்துக் கொடியும் யூதக் கொடியும் ஏற்றியது அவர்கள்தான். இரண்டு அமைப்புக்கும் ஒத்துப்போகவில்லை, அரசியல் சண்டை கெட்டோவுக்குள்ளும் விடவில்லை.

தெருச்சண்டை வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் ஸ்ட்ரோப் வீடு வீடாகத் தீ வைக்கச் சொன்னார். அதுதான் கெட்டோவை முடித்தது. நிலவறைக்குள் வெப்பத்தில் மூச்சு முட்டியது, மாடியிலிருந்து ஜனங்கள் குதித்தார்கள். மே 8 அன்று மீலா தெரு 18-ம் எண் பதுங்குகுழியைக் கண்டுபிடித்து வாயுவை விட்டார்கள், அனியெலெவிச்சும் கூட இருந்தவர்களும் அங்கே இறந்தார்கள். மாரெக் எடெல்மன், ஸிவியா லுபெட்கின் முதலிய சில டஜன் பேர் சாக்கடைக் குழாய் வழியாகத் தப்பினார்கள். மே 16 அன்று ஸ்ட்ரோப் யூதர்களின் பெரிய ஜெபாலயத்தை வெடி வைத்துத் தகர்த்து, வார்சாவில் இனி யூதர் குடியிருப்பு இல்லை என்று எழுதி அனுப்பினார். பிடிபட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் 56,065 என்று கடைசி ஆள் வரை கணக்கு. உயிரோடு லூப்ளின் பக்கத்து முகாம்களுக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்களையும் நவம்பர் 3, 4 தேதிகளில் சுட்டுவிட்டார்கள். அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'அறுவடைத் திருவிழா'.

ஸ்ட்ரோப்பை 1952-ல் வார்சாவில் தூக்கிலிட்டார்கள். தோல் அட்டை போட்டு, படம் ஒட்டி, அழகாகத் தயாரித்த அந்த அறிக்கையே நியூரம்பெர்க் விசாரணையில் சாட்சியாக வந்தது.

இதுவும் வார்சா எழுச்சியும் ஒன்றா?

இல்லை. கெட்டோ எழுச்சி 1943 ஏப்ரலில், யூதர்களுடையது. வார்சா எழுச்சி 1944 ஆகஸ்டில், போலந்து உள்நாட்டுப் படையுடையது, 63 நாள் நடந்தது. கெட்டோவில் தப்பிய சிலர் இரண்டாவதிலும் சண்டை போட்டார்கள், எடெல்மன் அதில் ஒருவர்.

போலந்துக்காரர்கள் காப்பாற்றினார்களா, காட்டிக்கொடுத்தார்களா?

இரண்டும். ஒளிந்திருந்த யூதர்களை மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு 'ஷ்மால்ட்சோவ்னிக்' என்று தனிப் பெயரே இருந்தது. அதே நகரத்தில் 1942 டிசம்பரில் ஜெகோடா என்ற ரகசிய உதவி அமைப்பும் தொடங்கியது. ஒளித்து வைத்தால் மரண தண்டனை. ஒரு தோட்டக்காரர் குடும்பம், கண்ணாடிக் குடிலுக்கு அடியில் குழி தோண்டி நாற்பது பேர் வரை ஒளித்து வைத்தது. 1944 மார்ச்சில் அது கண்டுபிடிக்கப்பட்டு, ஒளிந்தவர்களோடு தோட்டக்காரரையும் கொன்றார்கள். அந்தக் குழியில் இருந்த ஒருவரைப் பற்றித்தான் அடுத்து சொல்லப்போகிறேன்.

உள்ளே நடந்ததெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

எமானுவேல் ரிங்கல்ப்ளும், வரலாற்று ஆசிரியர். 1940-ல் சுமார் அறுபது பேரைச் சேர்த்து ரகசியமாக ஒரு ஆவணக்காப்பகம் தொடங்கினார். சனிக்கிழமைகளில் கூடியதால் 'ஓய்நெக் ஷாபெஸ்' என்று பெயர், ஓய்வுநாள் மகிழ்ச்சி என்று பொருள். தீர்மானங்களும் பிரகடனங்களும் மட்டும் சேர்க்கவில்லை. டிராம் டிக்கெட், ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், பள்ளிக் கட்டுரை, கெட்டோ ஜோக்குகள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். கெட்ட செய்தியையும் சேர்த்தார்கள், யூதப் போலீசின் லஞ்சத்தைப் பற்றியும் எழுதினார்கள். முகாம்களைப் பற்றிய தகவலை லண்டனுக்கும் அனுப்பினார்கள், 1942 ஜூனில் அது பிபிசியில் வந்தபோது ரிங்கல்ப்ளும் தங்கள் கடமை நிறைவேறியதாக எழுதினார். (லண்டன் கேட்டு என்ன செய்தது? லண்டனிலிருந்து இயங்கிய போலந்து அரசின் யூதப் பிரதிநிதி ஷ்முல் ஜிகெல்பாய்ம் உலகத்தின் பாராமுகத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிவைத்து 1943 மே மாதம் லண்டனிலேயே தற்கொலை செய்துகொண்டார்.)

1942 ஆகஸ்ட் தொடக்கத்தில், வெளியே ஆள்பிடிப்பு நடந்துகொண்டிருக்க, நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் ஒருவன் டேவிட் கிராபர், வயது 19. உலகத்தைப் பார்த்துக் கத்த முடியாததை மண்ணில் புதைக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி அதையும் உள்ளே போட்டான். 1943 பிப்ரவரியில் இன்னும் இரண்டு பால் கேன்கள். அறுபது பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள். அவர்களில் ஹெர்ஷ் வாசருக்குப் புதைத்த இடம் தெரியும், ரேச்சல் அவுர்பாக் தேட வேண்டும் என்று விடாமல் கேட்டார். ஆனால் தெருவே இல்லையே, மொத்தமும் செங்கல் மேடு. 1946 செப்டம்பரில் பெட்டிகள் கிடைத்தன, தண்ணீர் புகுந்து ஊறியிருந்தன. பால் கேன்கள் 1950 டிசம்பரில், வீடு கட்டத் தோண்டிய தொழிலாளிகள் கையில் தட்டுப்பட்டன, உள்ளே தாள்கள் நன்றாகவே இருந்தன. மொத்தம் சுமார் 35,000 பக்கம். ஸ்ட்ரோப்பின் 56,065-க்கு எதிரே வைக்க நம்மிடம் இருப்பது இதுதான்.

அந்தப் படத்தில் இருக்கும் பையன் யார்?

நாலைந்து பெயர்கள் சொல்கிறார்கள், எதுவும் நிரூபணமாகவில்லை. பின்னால் துப்பாக்கியோடு நிற்கிற எஸ்.எஸ். ஆளை அடையாளம் கண்டு 1969-ல் கிழக்கு ஜெர்மனியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். படம் எடுத்தவன் தரப்பு ஆளுக்குப் பெயர் இருக்கிறது, பையனுக்கு இல்லை.

இப்போது போனால் பார்க்க என்ன இருக்கிறது?

குறைவு. சுவரின் சில துண்டுகள், சில கட்டடங்கள். கெட்டோ இருந்த முரானூஃப் பகுதியில் இடிபாட்டை அள்ளித் தீர்க்க முடியாமல் அதன் மேலேயே குடியிருப்பு கட்டினார்கள், அதனால் பல வீடுகள் தெருவைவிட மேட்டில் நிற்கின்றன, படியேறித்தான் போக வேண்டும். 1948-ல் வைத்த வீரர் நினைவுச்சின்னத்தின் கருங்கல், நாஜிகள் தங்கள் வெற்றிச்சின்னத்துக்கென்று ஸ்வீடனில் வாங்கிய கல். அதன் முன்னால்தான் 1970-ல் மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். ஜெபாலயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நீலக் கண்ணாடிக் கட்டடம், அதன் பக்கத்து வீடுதான் யூத வரலாற்று நிறுவனம், ஒரு பால் கேன் அங்கே இருக்கிறது.

காப்பகத்தின் மூன்றாவது பகுதி என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஷ்வியெந்தோயெர்ஸ்கா தெருவில், தூரிகை செய்யும் பட்டறைகள் இருந்த இடத்தில், எழுச்சிக்குச் சற்று முன்னால் புதைத்ததாகச் சொல்கிறார்கள். கருகிய சில தாள்களைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இன்றைக்குச் சீனத் தூதரகம் இருக்கிறது.